கிளினிக் பையும் பாமசிப் பையும்: பிள்ளைத்தாய்ச்சிக்கு எது உதவும், எது காசுக்குக் கேடு?

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்து மூன்று நாலு மாதத்துக்குள் வீட்டில் இரண்டு பைகள் சேர்ந்துவிடும். ஒன்று எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் இலவசமாகக் கிடைப்பது: பதிவு அட்டை, சின்னக் கடதாசி உறைகளில் எண்ணிப் போட்ட குளிசைகள், திரிபோஷா என்ற சத்துமா. மற்றது பாமசியில் காசு கொடுத்து நிரப்புவது: நெஞ்செரிவுப் பாணி, இசப்கோல், கால் வீக்கத்துக்கு இறுக்குச் சொக்ஸ், யூ வடிவத் தலையணை. கனடாவிலோ லண்டனிலோ ஆள் இருந்தால் விற்றமின் போத்தலும் பார்சலில் வந்து சேரும்.

இரண்டு பையையும் மேசையில் கொட்டி ஒவ்வொரு சாமானையும் ஒரே கேள்வியோடு பார்த்திருக்கிறோம். எந்த உபாதைக்கு இது? அதைக் குறைக்குமா, கூட்டுமா? கூட்டுமா என்றும் கேட்கக் காரணம் உண்டு. ‘வயித்தில பிள்ளை எண்டால் உதெல்லாம் இருக்கும்தானே’ என்று பொறுத்துப்போகிற மலச்சிக்கலிலும் களைப்பிலும் ஒரு பங்கு, நல்ல குளிசையைப் பிழையான நேரத்தில் விழுங்குவதால் வருவது. எங்கள் தீர்ப்பு இலவசப் பைக்கே. ஆனால் அதைப் பாவிக்கும் விதம் தெரியாவிட்டால் அரைவாசிப் பயன் வீண்.

இரும்பும் கல்சியமும்

முதல் 12 கிழமைக்கு போலிக் அசிட் மட்டும் தருவார்கள். இரும்பு அதற்குப் பிறகு. சத்தியும் ஓங்காளமும் உச்சத்தில் நிற்கும் மாதங்களில் இரும்பையும் சேர்த்தால் இரண்டும் வெளியே வந்துவிடும். ஆகவே ‘எனக்கு மட்டும் இன்னும் இரும்பு தரேல்லை’ என்று இரண்டாம் மாதத்திலேயே பாமசியில் வாங்கத் தேவையில்லை.

பெரஸ் சல்பேற் 200 மி.கி. குளிசை ஒன்றில் உள்ள நிகர இரும்பு 60 முதல் 65 மி.கி. வரை. அதில் குடல் உறிஞ்சுவது சிறு பங்குதான். மிச்சம் குடலோடு போய் மலத்தைக் கறுப்பாக்கும், இறுக்கும், சிலருக்குக் குமட்டலும் தரும். கறுத்த மலத்துக்குப் பயப்பட வேண்டாம். தார் போல ஒட்டி, கெட்ட மணத்தோடு போனால் மட்டும் காட்டுங்கள்.

பிழை நடக்கிற இடம் அடுப்படி. இரும்பு, கல்சியம், விற்றமின் சி என்று மூன்று உறையும் ஒரு பழைய பிஸ்கற் ரின்னுக்குள் கிடக்கும். மத்தியானம் சோறு சாப்பிட்ட கையோடு மூன்றிலும் ஒவ்வொன்றை உள்ளங்கையில் கொட்டி, ஒரே வாயில் விழுங்கி, மேலே ஒரு பிளேன்ரீ. மருந்தும் எடுத்தாயிற்று, வேலையும் முடிந்தது. ஆனால் வயிற்றுக்குள் கல்சியம் இரும்பை மறிக்கிறது, தேயிலைச் சாயத்திலுள்ள தனின் மிச்சத்தைக் கட்டிப்போடுகிறது, நிறைந்திருக்கும் சோறும் தன் பங்குக்குக் குறைக்கிறது. உறிஞ்சப்படாத இரும்பு கீழே இறங்கி மலத்தைக் கல்லாக்கும். அடுத்த இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழேயே நிற்கும். இரும்பு கூட்டப்படும், மலச்சிக்கலும் கூடும், கடைசியில் ‘எனக்கு அந்தக் குளிசை ஒத்துவராது’ என்று உறை அப்படியே கிடக்கும்.

திருத்துவது லேசு. கல்சியத்தை விடியச் சாப்பாட்டோடு அல்லது மத்தியானச் சாப்பாட்டோடு எடுங்கள். இரும்பையும் விற்றமின் சி குளிசையையும் இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணித்தியாலம் கழித்து, ஒரு கிளாஸ் தண்ணீரோடு எடுங்கள். குமட்டல் வந்தாலும் அதை நித்திரை விழுங்கிவிடும். விழுங்கியதும் சரியாமல் அரை மணித்தியாலம் இருந்துவிட்டுப் படுத்தால் நெஞ்சும் எரியாது. தேத்தண்ணி, கோப்பி, பால் எதுவும் இரும்புக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலத்துக்கு வேண்டாம். உறைகளை ஒரே ரின்னில் வைக்காமல் இரண்டு அறையில் வைத்தால் இந்த ஒழுங்கு தானாக வரும்.

அப்படியும் ஒத்துவராவிட்டால் நிறுத்தாமல் போய்க் கேளுங்கள். இரத்தச்சோகை இல்லாதவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கும் முறையும், வேறு உப்பிலுள்ள இரும்பும் உண்டு. நாளாந்தக் குளிசையை நிறுத்திவிட்டு முருங்கையிலை வறையை மட்டும் நம்புவது கணக்குக்குக் கட்டாது. வறை நல்லதுதான், தேசிக்காய்ப் புளி விட்டால் இன்னும் நல்லது. ஆனால் அது குளிசைக்குத் துணை, பதில் அல்ல.

கல்சியத்தில் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். உறையில் ‘கல்சியம் லக்ரேற் 300 மி.கி.’ என்றிருந்தால் அது 300 மி.கி. கல்சியம் இல்லை. லக்ரேற்றில் 13 வீதம்தான் கல்சியம், ஆக ஒரு குளிசையில் 40 மி.கி.க்கும் குறைவு. காபனேற் என்றால் 40 வீதம். கல்சியம் குறைவாகச் சாப்பிடும் நாடுகளின் கர்ப்பிணிகளுக்கு, பிறசர் ஏறும் ஆபத்தைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு நாளுக்கு 1.5 முதல் 2 கிராம். இடைவெளி பெரிது. முள்ளோடு சாப்பிடும் பச்சை நெத்தலி, தயிர், எள்ளுருண்டை, குரக்கன் புட்டு ஆகியவை அதில் ஒரு பகுதியை நிரப்பும். 100 கிராம் குரக்கன் மாவில் 300 மி.கி.க்கு மேல் கல்சியம் உண்டு. நெத்தலிக் கருவாட்டிலும் உண்டு, ஆனால் உப்பையும் யோசியுங்கள். காபனேற் குளிசை வாங்குவதென்றால் வைத்தியரிடம் அளவைக் கேட்டு வாங்குங்கள். அதைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும், வெறுவயிற்றில் சரியாகக் கரையாது.

நடுச்சாமத்தில் கெண்டைக்கால் பிடித்து இழுப்பதற்குக் கல்சியம் மருந்து என்று எல்லாரும் சொல்வார்கள். அதற்கான ஆதாரம் பலமாக இல்லை. காசில்லாத வைத்தியம் உடனே வேலை செய்யும்: முழங்காலை நேராக நீட்டி, பாதத்தைப் பிடித்து விரல்களை முகத்தை நோக்கி மடித்து அரை நிமிடம் பிடியுங்கள். விரல் நுனியைக் கீழே குத்தி நீட்டினால் பிடிப்பு இன்னும் இறுகும், பலர் செய்யும் பிழை அது. படுக்கப்போக முன் சுவரில் கை ஊன்றி, குதிக்கால் நிலத்தில் பட இரண்டு காலையும் மாறி மாறி நீட்டினால் இரவில் வருவது குறையும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட நொந்தால் அது பிடிப்பு அல்ல. எண்ணெய் போட்டு உருவாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம்.

திரிபோஷா

சோளம், சோயா, பால்மா, விற்றமின், கனிமம் சேர்த்து, ஏற்கனவே வேகவைத்துப் பதப்படுத்திய மா. 750 கிராம் பைக்கற் இரண்டு ஒரு மாதத்துக்கு, அதாவது நாளுக்கு 50 கிராம். குறை மாவில் இல்லை, வீட்டில். பிள்ளைகள் அள்ளிச் சாப்பிட, மாமியாரும் ருசி பார்க்க, பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒரு கிழமை அளவும் மிஞ்சாது. வரத்து ஒழுங்கில்லாத மாதங்களும் உண்டு.

ஓங்காளம் உள்ளவர்கள் அதைச் சுடுபாலில் கரைத்தால் மணமே பிரட்டும். 50 கிராம் மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ, கொஞ்சம் சீவிய பனங்கட்டி, ஒரு சிட்டிகை உப்பு, கைச்சூட்டுத் தண்ணீர் தெளித்துப் பிடித்தால் பயிற்றம் உருண்டை மாதிரி நாலைந்து வரும். ஆறியதைச் சாப்பிடலாம், கிளினிக் வரிசையில் நிற்கும்போது கைப்பையிலும் போகும். சுகர் என்று சொல்லியிருந்தால் பனங்கட்டி வேண்டாம். பனங்கட்டி ‘இயற்கை’ என்பதால் சுகர் ஏறாமல் விடாது.

பாமசிப் பையில் எது தேறும்

சத்திக்கு: ஜீவனி (உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யத் தண்ணீரில் கரைக்கும் தூள்) பைக்கற் இரண்டு வீட்டில் இருக்கட்டும், இந்தப் பையில் காசுக்கு மிகப் பெறுமதியான சாமான் அதுதான். பைக்கற்றில் எழுதிய அளவு கொதித்தாறிய தண்ணீரில் (வழமையாக 1 லீற்றர்) முழுப் பைக்கற்றையும் கரைக்க வேண்டும். அரைப் பைக்கற்றைக் கண்மட்டத்தில் கரைப்பதால் உப்பு அளவு பிழைக்கும். 24 மணித்தியாலத்தில் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். ஒரே மூச்சில் குடித்தால் திரும்ப வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு மேசைக்கரண்டி என்று போனால் வயிறு தாங்கும்.

ஓங்காளத்துக்கு விற்றமின் பி6 நல்ல தெரிவு. 10 முதல் 25 மி.கி. வரை நாளுக்கு மூன்று வேளை வழமையான அளவு, வைத்தியரிடம் கேட்டு எடுங்கள். வெறுவயிற்றில் எழும்புவதுதான் ஓங்காளத்தின் பெரிய தூண்டுகோல். தலைமாட்டில் இரண்டு கிறீம் கிறக்கரோ ஒரு துண்டு ரஸ்கோ வைத்து, தலை நிமிர்த்த முன் மெல்லுங்கள், பத்து நிமிடம் கழித்து எழும்புங்கள். இஞ்சித் தேத்தண்ணியும் கொஞ்சம் உதவும். பெரும்பாலானவருக்கு 12 முதல் 16 கிழமைக்குள் இது தணியும். ஆனால் 24 மணித்தியாலம் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை, சலம் கடும் மஞ்சளாக, கொஞ்சமாகப் போகிறது, நிறை முன்னிருந்ததில் இருபதில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்றால் அது சாதாரணச் சத்தி அல்ல. சேலைன் வேண்டியிருக்கும்.

நெஞ்செரிவுப் பாணி: கர்ப்பத்தில் இரைப்பை வாசலின் தசை ஹோமோனால் தளர்கிறது, பிறகு வளரும் கருப்பை கீழிருந்து தள்ளுகிறது. அல்ஜினேற் உள்ள பாணி சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கப்போகும்போதும் நன்றாக வேலை செய்யும். அது இரைப்பையில் மேலே மிதந்து அமிலத்தை மூடிக்கொள்ளும், ஆகவே அதைக் குடித்த கையோடு தண்ணீர் குடித்தால் பாணி கழுவுண்டு போகும். இரும்புக்கும் இதற்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். இங்கேதான் நேர அட்டவணை இடிபடும்: இரவு இரும்பும் வேண்டும், பாணியும் வேண்டும். கடும் நெஞ்செரிவு உள்ளவர்கள் இரும்பை விடிய எழும்பியதும், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன் எடுத்து, கல்சியத்தை மத்தியானத்துக்குத் தள்ளட்டும். சோடா உப்புக் கரைக்கும் தூள்கள் சட்டென்று ஏப்பம் தரும், ஆனால் சோடியம் கூட. வேண்டாம்.

பாணியைவிடப் பலன் தரக்கூடியது கட்டிலின் தலைமாட்டுக் கால் இரண்டுக்கும் கீழே வைக்கும் செங்கல். 15 சென்ரிமீற்றர் உயரம் போதும். தலையணையை அடுக்கினால் இடுப்பு மடிந்து வயிறு இன்னும் அழுத்துப்படும். கட்டில் முழுதாகச் சரிய வேண்டும்.

இசப்கோல்: மலச்சிக்கலுக்குச் சரி, ஆனால் தண்ணீர் இல்லாமல் எடுத்தால் நிலைமை மோசமாகும். ஒரு தேக்கரண்டி உமியை ஒரு முழுக் கிளாஸ் தண்ணீரில் கலக்கி, கெட்டியாக முன் உடனே குடித்து, மேலே இன்னொரு கிளாஸ். பலன் தெரிய இரண்டு மூன்று நாள் செல்லும். முதல் நாளே ‘சரிவரேல்லை’ என்று இரட்டிப்பாக்க வேண்டாம். இதையும் மற்றக் குளிசைகளோடு ஒன்றாக எடுக்காதீர்கள். ஆமணக்கெண்ணெய் குடித்துப் பேதி எடுக்கும் பழைய பழக்கத்தை இந்தக் காலத்தில் அறவே விடுங்கள்.

வெளிநாட்டு விற்றமின் போத்தல்: பெரும்பாலும் இரட்டிப்பு. லேபிளில் மூன்று இடம் பாருங்கள். இரும்பு இருக்கிறதா? ஜெலி மிட்டாய் மாதிரி வரும் விற்றமின்களில் பொதுவாக இரும்பு இருக்காது, அதை நம்பிக் கிளினிக் குளிசையை விட்டால் இரத்தம் இறங்கும். குளிசை வடிவத்தில் வருவதில் 27 மி.கி. அளவில் இரும்பு இருக்கும், கிளினிக் இரும்பையும் சேர்த்தால் வயிறு முறையிடும். அடுத்தது விற்றமின் ஏ: ரெற்றினோல் என்றிருந்தால் நாளுக்கு 10,000 அலகைத் தாண்டக்கூடாது, கூடினால் பிள்ளைக்கு ஊனம் வரலாம். மூன்றாவது திகதி. பார்சல் அனுப்பியவர் மனம் நோகாமல் போத்தலை அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நோவுக் குளிசை: பரசிற்றமோல் 500 மி.கி. இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டுக்கு மேல் இல்லை, எத்தனை குறைவோ அத்தனை நல்லது. நாரி நோவுக்கு டைக்குளோபினாக், ஐபுபுரோபென் கேட்டு வாங்காதீர்கள். 20 கிழமைக்குப் பிறகு அவை பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். பாமசியில் ‘பிள்ளைத்தாய்ச்சிக்கு’ என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மருந்தின் பேரைச் சொல்ல வேண்டும். கவுண்டருக்கு முன் நாலு பேர் நிற்க அதைச் சொல்லக் கூச்சமென்றால் துண்டில் எழுதிக் கொடுங்கள்.

இறுக்குச் சொக்ஸ், தலையணை இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறோம். சொக்ஸ் நரம்பு புடைத்த காலுக்கு உதவும், விடிய எழும்பிக் கால் கீழே வைக்க முன் போட்டால் மட்டும். வீங்கிய பிறகு இழுத்துப் போடுவது வீண். கணுக்காலும் கெண்டையும் அளந்து வாங்க வேண்டும். ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் யாழ்ப்பாணத்தில் அதை நாள் முழுக்கப் போட்டிருப்பது தண்டனை. வாங்க முன் யோசியுங்கள். யூ வடிவத் தலையணைக்கும் அதே குறை: உள்ளே செயற்கைப் பஞ்சு, மின்விசிறி நின்றால் வேர்த்துக் கொட்டும், ஒருவர் படுக்கிற கட்டிலையும் அடைத்துவிடும். இலவம்பஞ்சுத் தலையணை இரண்டு போதும். ஒன்று முழங்கால்களுக்கும் கணுக்காலுக்கும் இடையில், மெல்லியது வயிற்றின் கீழே. முழங்காலுக்கு இடையில் மட்டும் வைத்துப் பாதத்தைத் தொங்க விட்டால் நாரி திருகும். 28 கிழமைக்குப் பிறகு பக்கவாட்டில் படுக்க வேண்டும், எந்தப் பக்கமும் சரி. மல்லாந்து விழித்தால் திரும்பிப் படுங்கள், பதற வேண்டாம்.

பிறசர் மெசின் வாங்குவதென்றால் மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேற்கைப் பட்டி உள்ளது வாங்குங்கள். பட்டி சின்னதென்றால் வாசிப்பு கூடிக் காட்டும். ஐந்து நிமிடம் இருந்து, முதுகு சாய்ந்து, கை நெஞ்சு மட்டத்தில், கதைக்காமல், இரண்டு தரம் எடுங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றே காட்டுங்கள்.

அட்டை

எல்லாவற்றிலும் பெறுமதி கூடியது இதுதான், ஒரு சதமும் இல்லை. நிறை, பிறசர், சலத்தில் புரதம், வயிற்றின் உயரம் எல்லாம் ஒரே கடதாசியில். ஆஸ்பத்திரியில் இரவு இரண்டு மணிக்கு உங்களை முதன்முதல் பார்க்கும் டொக்ரர் முதலில் கேட்பதும் அதைத்தான். பொலித்தீன் உறையில் போட்டு, கோயிலுக்குப் போனாலும் கைப்பையில் வைத்திருங்கள்.

பின்னேரத்தில் பாதம் வீங்கி விடியக் குறைவது வழமை. முகமும் கைவிரலும் வீங்கி மோதிரம் இறுகுவது, விடாத தலையிடி, கண்ணுக்கு முன் பொறி பறப்பது, நெஞ்சுக்குழியில் அல்லது வலது விலாவின் கீழே நோ: இவை பிறசர் ஏறிய அறிகுறி, பனடோல் போட்டுப் பார்க்கிற காரியமில்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும் தோலில் ஒரு பருவும் இல்லாமல் இரவில் கடித்தால் கலமைன் பூசுவதோடு விடாமல் ஈரல் பரிசோதனை கேளுங்கள். பிள்ளையின் அசைவு வழமையிலும் குறைந்தால் குளிரான மைலோ குடித்துவிட்டு விடியும்வரை பார்ப்பது வேண்டாம். இரத்தம், தண்ணீர் உடைதல், வலிப்பு என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், அது இலவசம், 2018 முதல் யாழ்ப்பாணத்திலும் ஓடுகிறது. அது கடல் தாண்டாது. நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவில் இருப்பவர்கள் சந்தேகம் வந்த நேரமே படகைப் பிடியுங்கள், கடைசிப் படகு போன பிறகு எல்லாம் கடினம். கடைசி மாதத்தில் யாழ்ப்பாணப் பக்கம் உறவினர் வீட்டில் வந்து நிற்பதும் அதற்காகத்தான்.

மனத்துக்கு எந்தப் பையிலும் குளிசை இல்லை. காரணமில்லாத அழுகை, எரிச்சல், பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடும் என்ற பயம் வந்துபோவது வழமை. இரண்டு கிழமைக்கு மேல் நாளின் பெரும்பகுதி நீடித்தால், வீடே தூங்கும்போதும் நித்திரை வராமல் கிடந்தால், ஒன்றிலும் மனம் ஒட்டாவிட்டால், அது கவனிக்க வேண்டிய நோய். கிளினிக் நாளில் வரிசை நீளம், மாமியார் பக்கத்தில் நிற்பார், ‘சுகமா இருக்கிறியே பிள்ளை’ என்று கேட்டால் ‘ஓம் மிஸ்’ என்றுதான் வாய் வரும். இந்தச் சேவையின் மெலிந்த இடம் இதுதான். குடும்பநல மாது வீட்டுக்கு வரும்போது வாசல்வரை வழியனுப்பப் போய், படலையடியில் நின்று சொல்லுங்கள். அவரிடம் சொல்ல முடியாவிட்டால் 1926 என்ற மனநல உதவி இலக்கம் எந்த நேரமும் உண்டு, தமிழிலும் கதைக்கலாம். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் அன்றே, யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு.

குளிசைகள் பிள்ளை பிறந்ததோடு முடிவதில்லை, பால் கொடுக்கும் ஆறு மாதமும் தொடரும். அந்த நேரம் உறைகள் இடம் மாற வேண்டும். மேல்பூச்சு இனிக்கிற இரும்புக் குளிசை கொஞ்சம் போதும், வீட்டில் ஓடித்திரிகிற மூத்த பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாக. கட்டிலடியிலிருந்து அலுமாரியின் மேல்தட்டுக்கு, மூடி இறுகும் போத்தலுக்குள் மாற்றுங்கள். மூத்தது விழுங்கிவிட்டது என்று தெரிந்தால் சத்தி எடுக்க வைக்காமல், மிச்சத்தை எண்ணிக்கொண்டு உறையோடு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.